தயா... ரிக்கின்றன!

சுவருக்கு அந்தப் பக்கம் பத்தாம் வகுப்பு. தமிழய்யா இலக்கணம் ஒப்பிக்க விட்டிருந்தார். "அறி வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா" என்று மொத்த வகுப்பும் ராகம் போட்டுச் சொல்கிறது. நன்னூல் சொன்ன ஆறு வகை. விடை தனக்குத் தெரிந்திருந்தும், எதிரே இருப்பவருக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது அறி வினா. பாடப்புத்தகத்தில் அதற்குக் கொடுத்திருக்கும் உதாரணமே ஆசிரியர் மாணவரிடம் கேட்பதுதான்.

இந்தப் பக்கம் எட்டாம் வகுப்பில் அறிவியல் எடுத்துக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. இருபது வருசமாக நான் கேட்டதெல்லாம் அந்த முதல் வகைதானே! மற்ற ஐந்தும் இரண்டு மதிப்பெண்ணுக்கு மட்டும்தானா?

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு பீரியடை போனில் பதிவு செய்தேன். ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபிறகு போட்டுக் கேட்டால், என் குரல்தான் நாற்பது நிமிடமும். "ஒளிச்சேர்க்கைன்னா என்ன?" என்று கேட்டு மூச்சு விடுவதற்குள் நானே ஆரம்பித்துவிடுகிறேன். "இலைகள் சூரிய ஒளியில் உணவு தயா...?" "...ரிக்கின்றன!" என்று பிள்ளைகள் வாலைப் பிடித்துக்கொள்கிறார்கள். பாதிச் சொல்லை நான் சொல்லி மீதிச் சொல்லை அவர்களிடம் வாங்கி, வகுப்பு நன்றாகப் போகிறது என்று இத்தனை நாள் திருப்தியாக வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்கிற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் இதைத்தான் டேப்பில் பதிவு செய்து அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு வினாடிதான் இருந்தது. அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, பிள்ளைகளே கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். மூன்று வினாடி என்ன பெரிசு என்று தோன்றும். நாற்பது பேர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்று பாருங்கள், தெரியும். நான் மனசுக்குள் பத்து எண்ணுவேன். ஆறாவதிலேயே நாக்கு அரிக்கும்.

ஐப்பசி மாதம், மழை விட்ட ஒரு நாள். பிளாஸ்கில் ஐஸ்கட்டி கொண்டுபோய் ஒரு சில்வர் டம்ளர் தண்ணீரில் போட்டு மேசைமேல் வைத்தேன். சற்று நேரத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்தது. "இந்தத் தண்ணி எங்கே இருந்து வந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன். ரஃப் நோட்டில் ஆளுக்கு ஒரு வரி எழுதணும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் பேசணும், அதற்கப்புறம்தான் கை தூக்கணும். இந்த வரிசையை விட்டால் எப்போதும் கை தூக்கும் அந்த முன்பெஞ்சு நாலு பேர் சொல்லி முடித்துவிடுவார்கள், மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண். வாயே திறக்காதவள். "பானை கசியிற மாதிரி கசியுது டீச்சர்" என்றாள். முன்பெஞ்சு சிரித்தது. எனக்கும் "தப்பு, உட்காரு" என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அவள் வீட்டு மண்பானை வெளியே நனைந்திருப்பதை அவள் தினமும் பார்க்கிறாள். பானை நிஜமாகவே கசியும். கண்ணால் கண்டதை வைத்துத்தான் சொல்லியிருக்கிறாள். புத்தகத்தைப் பார்க்காமலே "நீராவி குளிர்ந்து" என்று ஒப்பித்த பையனைவிட இவள்தான் அன்றைக்கு அதிகம் யோசித்தவள் என்பது என் கட்சி.

"சரி, கசியுதுன்னே வச்சுக்குவோம். எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றேன். அமைதி. பத்து எண்ணினேன். பின்பெஞ்சிலிருந்து, "உள்ளே மை ஊத்துங்க டீச்சர். கசிஞ்சா வெளியேயும் நீலமா வரும்." ஊற்றினோம். வெளியே வேர்த்ததை வெள்ளைத்தாளால் ஒற்றி எடுத்தால் ஒரு சொட்டு நீலம் இல்லை. இன்னொருத்தன் விடவில்லை. கசிந்தால் மொத்த எடை மாறாது, காற்றிலிருந்து வந்தால் எடை கூடணும் என்றான். அசந்துபோனேன். சத்துணவுக் கூடத்துத் தராசை வாங்கி வந்தோம். அது அரிசி நிறுக்கிற தராசு, இந்த ரெண்டு சொட்டுக்கெல்லாம் அசைவேனா என்று நின்றது. "தராசு சரியில்லையா, நீ நினைச்சது சரியில்லையா?" என்றதற்கு ஒரே சண்டை. இதோடு பீரியட் முடிந்தது. பாடத்தில் ஒரு பக்கம்கூட நகரவில்லை.

"சிலபஸ் யார் முடிப்பது?" என்று கமெண்டில் வரப்போகிறீர்கள், தெரியும். தினமும் இப்படி நடத்த முடியாது. பிள்ளைகள் விவரத்தை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு, பயிற்சி, கணக்கெடுப்பு எல்லாம் போக மிஞ்சுவதில் வாரத்துக்கு ஒரு பீரியட்தான் என்னால் ஒதுக்க முடிகிறது. மனப்பாடமே கூடாது என்பவர்களோடும் எனக்கு ஒத்துவராது. வாய்ப்பாடு தெரியாத பிள்ளை, ஏழெட்டு ஐம்பத்தாறா ஐம்பத்துநாலா என்று தடுமாறுவதிலேயே களைத்துப்போகும், கணக்கை எங்கே யோசிக்கும்?

எரிச்சல் வருவது வேறு இடத்தில். சிந்தனையை எளியதிலிருந்து கடினம்வரை அடுக்கி 1956இல் வந்த, அமெரிக்கக் கல்வியாளர் புளூமின் ஆறு படிநிலைகளை பி.எட். படித்த எல்லோரும் நெட்டுரு போட்டிருக்கிறோம். டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்வியில் 30 கேள்வி குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும்தான், அங்கேயும் அதையே ஒப்பித்துத் தேறினோம். சிந்தனையின் படிகளையே சிந்திக்காமல் படித்த கூட்டம் நாம். பொதுத்தேர்வில் எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்று முன்கூட்டியே சொல்லும் புளூபிரிண்ட்டை எடுத்துவிட்டு, பாடத்தின் உள்ளிருந்து யோசித்து எழுதும் கேள்வி வரும் என்றார்கள். அடுத்த வருசமே "கிரியேட்டிவ் கேள்விகள், விடையுடன்" என்று கைடு கடைக்கு வந்தது. நாமும் வாங்கினோம். அதையும் பிள்ளைகள் அடிக்கோடிட்டுப் படித்தார்கள். இதில் கைடு போடுகிறவரைத் திட்டி என்ன பிரயோசனம்?

நான் மாற்றிக்கொண்டது சின்ன விஷயம்தான். சரியான பதில் வந்தாலும் "சரி" என்று உடனே சொல்வதில்லை. "எப்படிச் சொல்றே?" என்கிறேன். ஆரம்பத்தில், இப்படிக் கேட்டாலே தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பயந்து பிள்ளைகள் பதிலை மாற்றிக்கொண்டார்கள். சரியான பதிலையும் தப்பான பதிலையும் ஒரே முகத்தோடு கேட்கப் பழக எனக்கே ரெண்டு மாசம் ஆயிற்று. இப்போதும் சில நாள் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

போன வாரம் அந்த மூன்றாவது வரிசைப் பெண் தானாகவே எழுந்து நின்றாள். "டீச்சர், டம்ளர்ல இருந்தது காத்துத் தண்ணி. சரி. அப்ப எங்க வீட்டுப் பானையில வெளியே இருக்கிறது கசிஞ்சதா, அதுவும் காத்துல வந்ததா?" பக்கத்து வகுப்புப் பாடப்படி பார்த்தால், இதுவா அதுவா என்று சந்தேகம் தீரக் கேட்கும் அசல் ஐய வினா. மை ஊற்றிப் பார்க்கலாமா என்றேன். "பானை வீணாப்போயிரும், அம்மா அடிப்பாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உப்பு போட்டு வைப்போம் டீச்சர். உள்ளே இருந்து வந்தா வெளியே பூத்துரும்ல?" என்றாள்.

வாய் உடைந்த பழைய பானை ஒன்று, உப்புத் தண்ணீரோடு ஆய்வக ஜன்னலோரம் ஐந்து நாளாக உட்கார்ந்திருக்கிறது. இன்று காலை நான் போவதற்கு முன்பே நாலு பேர் அதைச் சுற்றி நின்றுகொண்டு, யார் முதலில் தொட்டு நக்கிப் பார்ப்பது என்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.