தெற்குச் சுவர் மாமியார்

(வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி வீடு. கத்திரி வெயில். வசந்தா முறத்தால் விசிறிக்கொண்டு நிற்க, ஏசி மெக்கானிக் சேகர் பையோடு வருகிறார்.)

வசந்தா: வா தம்பி. பேப்பர்ல 108 டிகிரின்னு போட்டுக்கிறான். 108ன்னா ஒண்ணு சாமிக்கு அர்ச்சனை பண்ணணும், இல்ல ஆம்புலன்ஸ கூப்புடணும். நான் உன்ன கூப்ட்டேன்.

சேகர்: ஏசி இன்னாக்கா பண்ணுது?

வசந்தா: ஒண்ணும் பண்ணல, அதான் பிரச்சனை. வெறும் காத்து வருது. கொஞ்ச நேரம் போனா லைட்டு மினுக் மினுக்குன்னு கண்ணடிக்குது. ஆத்துல தண்ணி இல்ல, மலையில மரம் இல்லன்னு நம்ம ஊர சொல்லுவாங்க. இப்ப எங்க ஏசியில குளிரும் இல்ல.

சேகர்: கோயில்ல சாமி இல்லன்னும்தான் சொல்லிக்கினு இருந்தாங்க. 1981லயே ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள்ள வந்துட்டாரு. இதுக்கும் வழி இருக்கும். வெளி யூனிட்டு சுத்துதா?

வசந்தா: சுத்தல. பக்கத்து வீட்டுக்காரரு பாத்துட்டு கேஸ் போச்சின்றாரு.

சேகர்: எவன் வீட்ல ஏசி நின்னாலும் ஊரே கேஸ் போச்சின்னுதான் சொல்லும். ஓட ஓட தீர்றதுக்கு அது இன்னா பெட்ரோலா? எங்கனா லீக் ஆனாதான் குறையும். அப்பவும் வெளி யூனிட்டு மொதல்ல சுத்தவாவது சுத்தும். இது அசையவே இல்ல, லைட்டு வேற கண்ணடிக்குது. உள்ள இருக்கறதும் வெளிய இருக்கறதும் பேசிக்கலக்கா.

வசந்தா: எங்க வீட்ல எல்லாரும் அப்பிடித்தான்.

சேகர்: எப்பலேர்ந்து?

வசந்தா: ஞாயித்துக்கிழமலேர்ந்து.

சேகர்: அன்னிக்கி இன்னா பண்ணீங்க?

வசந்தா: ஒண்ணும் பண்ணலையே. மாமியாருக்கு வருஷத் தெவசம். படையல் போட்டோம், சாப்டோம், படத்த பெருசு பண்ணி மாட்னோம்.

சேகர்: எங்க மாட்னீங்க?

வசந்தா: அதோ. போனவங்க படம் தெக்கு செவுத்துலதான மாட்டணும்?

(ஏசிக்கு நேர் கீழே, சந்தன மாலையோடு மாமியார் இருவரையும் பார்க்கிறார்.)

சேகர்: ஆணி அடிச்சீங்களா, ட்ரில் போட்டீங்களா?

வசந்தா: ஆணி எறங்கல. உங்க மாமா கீழ் வீட்ல மிஷின் வாங்கியாந்து போட்டாரு. மொதல்ல ஒரு ஓட்ட. அது கோணலாப் போச்சின்னு இன்னொண்ணு.

சேகர்: அப்ப ஏசி ஓடிக்கினு இருந்துச்சா?

வசந்தா: சாம்பிராணி போட்டோம்னு செவுத்து சுவிட்சயே நிறுத்திட்டோம்.

சேகர்: அந்த சாம்பிராணிதான் மாமாவ காப்பாத்திச்சி. சரி, எம்சிபிய எறக்கிட்டேன். பத்து நிமிஷம் போவட்டும். இன்வெர்ட்டர் ஏசி இது. கரண்ட நிறுத்தினாலும் உள்ள கப்பாசிட்டர்ல 300 வோல்ட்டு தங்கி நிக்கும், மெதுவாதான் எறங்கும்.

வசந்தா: எங்க மாமியார் கோவம் மாதிரி.

(சேகர் வெளி யூனிட்டில் வயர் முனைகளைக் கழற்றி ஒன்றாக முறுக்கிவிட்டு, உள்ளே வந்து மல்டிமீட்டரை வைக்கிறார்.)

சேகர்: நாலு வயரு போவுது. பேஸ், நியூட்ரல், எர்த்து, சிக்னலு. இது கத்துது பாருங்க, பேஸும் நியூட்ரலும் முழுசா இருக்கு. சிக்னல்ல வெக்கறேன்... சத்தமே இல்ல. அறுந்துப் போச்சி. படத்த கொஞ்சம் எறக்குங்க.

(ஸ்குரூவைத் திருகி, ஓட்டையிலிருந்து பிளாஸ்டிக் கட்டையைப் பிடுங்குகிறார்.)

சேகர்: இதுல முடி மாதிரி ஒட்டிக்கினு வருது பாருங்க, செம்புக் கம்பி. பக்கத்துலயே கேஸ் போற காப்பர் பைப்பு எறங்குது. ரெண்டு விரக்கடை தள்ளிப் போட்டிருந்தா பக்கத்து வீட்டுக்காரர் வாக்கு பலிச்சிருக்கும்.

வசந்தா: உயிரோட இருந்தப்ப “மீட்டர் ஓடுது, ஏசிய நிறுத்து”ன்னு வாய் வலிக்க சொல்லுவாங்க. யாரும் கேக்கல. படமா வந்த மொத நாளே நிறுத்திட்டாங்க பாரு!

சேகர்: சிரிக்காதீங்க. பேஸ் வயரு தோலும் சீவிக்கினு நிக்குது. அது ஸ்குரூல பட்டு, ஸ்குரூ ஃப்ரேம் கம்பியில பட்டிருந்தா, மாமியார தொட்டாலே ஷாக் அடிச்சிருக்கும்.

வசந்தா: அது பழசு தம்பி.

சேகர்: ஐயோ அக்கா!

வசந்தா: சரி, டேப்பு சுத்தி உள்ளயே ஒட்டி விட்டுடேன்.

சேகர்: செவுத்துக்குள்ள ஜாயிண்டு போட்டு பூசிட்டு நான் போயிடுவேன். நாளைக்கு அது லூஸாவும், சூடாவும், கருகும். யாருக்கும் தெரியாது. புது நாலு கோர் வயரு, வெளியால கேசிங்ல, நடுவுல ஒட்டே இல்லாம ஒரே இழுப்பு. பழசு ரெண்டு பக்கமும் கழட்டி செத்துக் கெடக்கட்டும். அதுக்கப்புறம் படத்த அங்கயே மாட்டிக்கோங்க. ஏசிக்குள்ள இருக்கற சர்க்யூட் போர்டுக்கு ஒண்ணும் ஆவலன்னா வயரு செலவோட போச்சி.

வசந்தா: போர்டு போயிருந்தா?

சேகர்: அத மாமாகிட்ட பேசிக்கறேன். வயரு வாங்கியாந்து நாளைக்கு காலையில போடறேன்.

வசந்தா: நாளைக்கெல்லாம் ஆவாது. ராத்திரி மாமனாரு ஆற்காட்லேர்ந்து வர்றாரு.

சேகர்: அம்மாவே ஏசி வேணான்னவங்க. அவரு ஒரு ராத்திரி ஃபேன்ல படுக்க மாட்டாரா?

வசந்தா: அவங்க இருந்த வரைக்கும் இவரும் “ஏசி ஒடம்புக்கு ஆவாதும்மா”ன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. இப்ப 18ல வெக்கச் சொல்றாரு.