மிச்சம் எத்தனை வாட் என்று சொல்லித் தொலையுங்கள்

மைனஸ் 25 டிகிரிக் குளிரில், உறைந்த ஏரியின் நடுவே, மனைவியைப் பின்னிருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற ஒலியைத் தவிர வேறெதுவும் எழும்பாத ஒரு ஸ்னோமொபைலை, அதாவது பனிமேல் ஓடும் வண்டியை, நான் கை நிறையப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உச்சந்தலை கொதிக்கிறது. எஞ்சினில் பழுதில்லை. பெட்ரோல் முக்கால் தொட்டி இருந்தது. குளிருக்கு அடக்கமாக நாங்கள் இருவரும் போட்டிருந்த மின்சூட்டு உடைகள் வண்டியின் பேட்டரியை உறிஞ்சித் தீர்த்திருந்தன, அவ்வளவுதான். அப்படி உறிஞ்சும் என்று வண்டியை விற்றவரும் சொல்லவில்லை, உடையை விற்றவரும் சொல்லவில்லை. இருவரும் ஒரே கடைக்காரர் என்பதுதான் என் ஆத்திரத்தின் அடிவேர்.

நாங்கள் இருப்பது கனடாவில், வடக்கு ஒன்டாரியோவின் டிம்மின்ஸ் நகரில். நான் சுரங்கத்தில் மின்பணி பார்ப்பவன்; வாட், ஆம்பியர் என்பவற்றோடுதான் என் பிழைப்பு. ஒன்டாரியோவின் பொதுப் பனித்தடங்களில் சட்டப்படி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்த வேகத்திலேயே போனாலும், வெளியே மைனஸ் 25 என்றால் உடம்பில் அறையும் காற்று, கனடிய வானிலைத் துறையின் கணக்குப்படி, மைனஸ் 42-க்குச் சமம். திறந்திருக்கும் தோல் 5 முதல் 10 நிமிடங்களுக்குள் உறைந்துபோகக்கூடிய குளிர் அது. ஓட்டுபவனுக்காவது முன்கண்ணாடியின் மறைப்பும், வளைவுகளில் உடம்பைச் சாய்த்து நிமிரும் வேலையும் உண்டு. பின்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பவர் நிலைமை ஐஸ் பெட்டிக்குள் வைத்த மீனுடையதுதான். ஆகவே சூடாகும் மேலாடையை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால், அவரை ஒரு ஜனவரிக் காலையில் என் பின்னிருக்கையில் உட்கார வைத்துக் கோக்ரேன் ஊர் வரை அழைத்துப்போகத் தயாராக இருக்கிறேன்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டிய கணக்கு இது. மின்சூட்டு மேலாடை ஒன்று ஏறத்தாழ 77 வாட் எடுக்கிறது. கையுறை ஒரு ஜோடிக்கு 27 வாட். தலைக்கவசத்தின் சூடாகும் முகக்கண்ணாடிக்கு 15 வாட் என்று வையுங்கள். அது இல்லாவிட்டால் நம் மூச்சே கண்ணாடியில் பனியாகப் படிந்து கண்ணை மறைத்துவிடும். ஆளுக்கு 119 வாட், இரண்டு பேருக்கு 238 வாட். இதைத் தரவேண்டியது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் காந்தத்துக்கு நடுவே பொருத்தப்பட்ட ஸ்டேட்டர் என்ற கம்பிச்சுருள் கூட்டம். காரில் இருக்கும் ஆல்டர்நேட்டர் ஆயிரம் வாட்டுக்கு மேல் அநாயாசமாகத் தரும். போதாவிட்டால் தன் காந்தப் புலத்தைத் தானே கூட்டிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். ஸ்டேட்டரின் காந்தமோ நிலையானது. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவுதான் கிடைக்கும், கெஞ்சினாலும் கூடாது.

என் வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில், எங்கோ பின்பக்கங்களில், ஸ்டேட்டர் 500 வாட் தரும் என்று எழுதியிருக்கிறது. பக்கத்திலேயே பொடி எழுத்தில் '6000 சுற்றில்' என்று போட்டிருக்கிறார்கள், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 6000 தடவை சுழலும்போது. கம்பியைக் கவ்வி டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) அளக்கும் டாங் டெஸ்டரைக் கம்பிகளில் ஒவ்வொன்றாக மாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நானே அளந்து பார்த்தேன். முகவிளக்குகள் இரண்டுக்கும் 120 வாட், பின்விளக்குக்கும் முகப்புப் பலகைக்கும் 20, பெட்ரோல் பம்பும் இன்ஜெக்‌ஷனும் பற்றவைப்பும் சேர்ந்து 120, கைப்பிடிச் சூடும் கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலரேட்டரின் சூடும் 70, பின்னிருக்கைக்காரரின் கைப்பிடிச் சூடு 50. ஆக 380 வாட்டை வண்டியே தின்றுவிடுகிறது. மிச்சம் 120. அதுவும் எஞ்சின் உச்சக்குரலில் உறுமும்போது மட்டும். எங்களுக்குத் தேவை 238. இந்த ஒரே ஒரு கழித்தல் கணக்கை, மூன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடக்கூடிய கணக்கை, விற்பனைத் தாளில் ஒரு வரியாக அச்சிடுவதற்கு இவர்களுக்கு என்ன கேடு?

அன்று நடந்ததும் இந்தக் கழித்தலின் விளைவுதான். பற்றாக்குறை 118 வாட் என்றால், பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் இடைவிடாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது. 18 ஆம்பியர்-மணி என்று மேலே எழுதியிருக்கும் ஈய அமில பேட்டரி அந்தக் குளிரில் அதில் பாதி கொடுத்தாலே பெரிய விஷயம். ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. நாங்கள் தாராளமாக ஒன்றேகால் மணி நேரம் ஓட்டினோம். மின்னழுத்தம் காட்டும் முள் இந்த வண்டியில் கிடையாது. ஆனால் கைப்பேசியோடு பேசும் பெரிய வண்ணத்திரை உண்டு. ஏரி நடுவே நிறுத்தி, ஃபிளாஸ்கைத் திறந்து, ஆளுக்கு ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் கயிறு இழுத்துக் கிளப்பும் வசதியும் கிடையாது. "என்னங்க, ஜாக்கெட் கொஞ்ச நேரமாவே சூடாகல, சொன்னா வண்டிய நிறுத்துவீங்களேன்னு சொல்லல" என்று மனைவி அப்போதுதான் சொன்னார். அந்தப் பக்கமாக வந்த இரண்டு முன்பின் தெரியாத புண்ணியவான்கள் தங்கள் பையிலிருந்து, செத்த பேட்டரி வண்டியையும் கிளப்பிவிடும் பூஸ்டர் எடுத்துக் கொடுத்திராவிட்டால் இந்தப் பதிவை எழுதும் விரல்கள் பத்தும் பத்தாக இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

இதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை கிடைத்தது. அதைக் கையாண்ட விதத்தை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. வாங்கிய முதல் வாரத்திலேயே, பின்னிருக்கையின் சாக்கெட்டில் இருவரின் உடைகளின் வயர்களையும் கிளை பிரித்துச் செருகிய மாத்திரத்தில் ஃபியூஸ் போயிற்று. அது 10 ஆம்பியர் ஃபியூஸ். ஒருவரின் மேலாடையும் கையுறையும் மட்டுமே 8 ஆம்பியர் இழுக்கும்போது இருவருடையதை அது எப்படித் தாங்கும்? வண்டியைக் கடையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் "சரியாகிவிட்டது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்க்கிறேன், 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 ஆம்பியர் ஃபியூஸ் மஞ்சளாகச் சிரிக்கிறது. கம்பி அதே பழைய மெல்லிய கம்பி! ஃபியூஸ் காப்பது கம்பியை. கம்பியை மாற்றாமல் ஃபியூஸைப் பெரிதாக்கினால் அடுத்து எரியப்போவது இருக்கைக்கு அடியில் ஓடும் கம்பிதான். எங்கள் ஊரில் ஃபியூஸ் கட்டையில் ஓர் இழைக்குப் பதில் நாலு இழையை முறுக்கிப் போட்டுவிட்டுப் பீடி பற்றவைக்கும் ஆட்களைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மணிக்கு இவ்வளவு டாலர் என்று கூலி வாங்கும் பணிமனையிலும் அதே கைவைத்தியத்தைப் பார்ப்பேன் என்று கனவிலும் எண்ணவில்லை.

அந்த மெல்லிய கம்பியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 18 கேஜ் கம்பி, பின்னிருக்கை வரை போக 2 மீட்டர், வர 2 மீட்டர். அதில் 8 ஆம்பியர் ஓடினால் முக்கால் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வழியிலேயே காணாமல் போகிறது. சூடு மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதால், மேலாடைக்குச் சேரவேண்டிய சூட்டில் பத்தில் ஒரு பங்கு குறைந்துபோகிறது; அதில் பாதி கம்பியைச் சூடாக்கிப் பனியில் கரைந்துவிடுகிறது. கம்பிக்கு எதற்குக் குளிர்?

பின்களின் கூத்து தனி. முகக்கண்ணாடிக்குப் பழைய தொலைக்காட்சியின் பின்புறம் செருகும் ஆடியோ பின் மாதிரி ஒன்று. மேலாடைக்கு மடிக்கணினி சார்ஜரின் உருண்டை முனை மாதிரி ஒன்று. வண்டியின் பேட்டரியிலிருந்து வரும் கம்பிக்குத் தட்டையான இரட்டைப் பின். வண்டியில் ஏற்கெனவே பொருத்தித் தந்திருக்கும் சாக்கெட்டோ சிகரெட் லைட்டர் வகை. தடத்தின் மேடுபள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி அரை மணிக்கு ஒருமுறை தானாகவே கழன்றுகொள்ளும். இவற்றை இணைக்க மூன்று மாற்றுப் பின்கள் வாங்கினேன். ஒவ்வொரு மாற்றுப் பின்னும் பனி புகுந்து பச்சை பூக்கும் இன்னொரு மூட்டு. இத்தனை வயர்களையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாங்கள், நிறுத்தியதும் மறந்துபோய் இறங்கி, கயிறு இழுத்த கன்றுக்குட்டி போல வண்டியோடு பின்னுக்கு இழுபடுவதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரிக்காத நாளில்லை. என்னோடு வேலை செய்பவரின் பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் பேட்டரியே கிடையாது, விளக்குச் சுற்றில் ஓடுவது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். அவருடைய முகக்கண்ணாடி அதில் ஒழுங்காகச் சூடானது. ஆனால் கையுறையின் சூடு கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி செருகிய முதல் நாளே புகைந்துவிட்டது. அது டிசிக்கு மட்டுமானது; பெட்டியின் மேலோ '12 வோல்ட்' என்று மட்டும் இருந்ததாம்.

"பேட்டரி வைத்த கையுறை வாங்கிக்கொள்ளுங்களேன்" என்று கடைக்காரர் கடைசியில் ஒரு யோசனை சொன்னார். அட்டையில் 8 மணி நேரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது மிகக் குறைந்த சூட்டில், ஆய்வு அறையில். இங்கே உச்ச சூட்டில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் மூச்சை விட்டுவிடுகிறது. லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யவும் கூடாது. அப்படியானால் வழியில் அதை எங்கே வைத்துச் சார்ஜ் செய்வது, என் கக்கத்திலா?

நானே சில வேலைகள் செய்தேன். 20 ஆம்பியர் ஃபியூஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பேட்டரியிலிருந்து தடித்த கம்பி இழுத்து, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் ரிலே சுவிட்ச் ஒன்றைப் போட்டு, ஆளுக்கொரு தனி ஃபியூஸ் வைத்தேன். பன்னிரண்டு டாலருக்கு ஒரு வோல்ட்மீட்டர் வாங்கி ஒட்டினேன். பல்லாயிரம் டாலர் வண்டியில் எனக்கு உண்மை பேசும் ஒரே பொருள் அதுதான். முகவிளக்குகளை எல்ஈடியாக மாற்றியதில் 70 வாட் மிச்சமானது. மிச்சமானது என்று மகிழ்ந்த அன்றே இன்னொன்று தெரிந்தது: பழைய ஹாலஜன் விளக்கு தன் சூட்டால் கண்ணாடியில் படியும் பனியைத் தானே உருக்கிவிடும், எல்ஈடி உருக்காது. ஆகவே இரவில் முன்னால் போகும் வண்டி கிளப்பும் பனித்தூள் விளக்கில் அப்பிக்கொள்ள, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கிக் கையுறையால் துடைக்கிறேன், அதாவது வயரைக் கழற்ற மறக்காமல் இருந்தால். இத்தனைக்குப் பிறகும் கணக்கில் 48 வாட் இடிக்கிறது. மேலாடைகளை முறை வைத்து முக்கால் சூட்டில்தான் போடுகிறோம். என் மனைவி அதை நம்பவில்லை. மடியில் வைத்துக்கொள்ளச் சுடுநீர்ப் பை ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அதற்கு ஃபியூஸ் தேவையில்லை என்று என்னிடம் சொல்லவும் செய்தார்.

அடுத்த ஆண்டு வண்டிகளுக்கான விளம்பரப் புத்தகம் போன வாரம் தபாலில் வந்தது. குதிரைத்திறன் இருக்கிறது, சஸ்பென்ஷன் எத்தனை அங்குலம் அமுங்கும் என்பது இருக்கிறது, இருக்கைத் தையலின் நூல் எந்த நிறம் என்பதுகூட இருக்கிறது. வண்டியின் சொந்தத் தேவை போக, எஞ்சின் 4000 சுற்றில் ஓடும்போது இருவர் உடைகளுக்கு எத்தனை வாட் மிஞ்சும் என்பது மட்டும் ஒரு பக்கத்திலும் இல்லை. கடைக்குத் தொலைபேசி செய்து அந்த ஒரு எண்ணைக் கேட்டேன். விற்பனையாளர் சற்று நேரம் எதையோ புரட்டிவிட்டு, "நிறைய மிஞ்சும் சார்" என்றார்.