கீப்நெட்: சட்டம் சொல்லும் அளவு போதாது

இங்கிலாந்தில் கோர்ஸ் ஃபிஷிங் போகிறவர்களுக்காக இந்தப் பதிவு. ரோச், பிரீம், டென்ச், கெண்டை என்று சால்மன், டிரவுட் இனத்தில் சேராத நன்னீர் மீன்களைத் தூண்டிலில் பிடித்து, பெரும்பாலும் உயிரோடு திருப்பி விட்டுவிடுகிற மீன்பிடி அது. பிடித்த மீனைத் திருப்பி விடும்வரை தண்ணீருக்குள்ளேயே வைத்திருக்கும் நீண்ட வளைய வலைதான் கீப்நெட். நம்மில் பலர் அதை ஓலைப் பறிக்கு நைலானில் வந்த மாற்று என்றே நினைத்துவிடுகிறோம். பறிக்குள் போன மீன் குழம்புக்குப் போகும்; நசுங்கினாலும் கேள்வியில்லை. கீப்நெட்டுக்குள் போன மீன் சாயங்காலம் ஒரு செதில் குறையாமல் நீந்திப் போக வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடித்த மீனைக் கடைசியில் எடை போட்டு வெற்றியை முடிவு செய்யும் போட்டிக்குப் போகாதவர்களுக்குப் பெரும்பாலான நாட்களில் கீப்நெட் தேவையே இல்லை. பிடித்ததைக் கொக்கி கழற்றி அப்போதே விடுவதுதான் மீனுக்கு நல்லது. பிடித்த இடத்திலேயே விட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்பது போன்ற காரணத்துக்காக வலை போடுகிறீர்கள் என்றால், நல்ல வலையாகப் போடுங்கள், குறைந்த நேரத்துக்குப் போடுங்கள். சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவில் நின்றுவிடாதீர்கள்.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? இங்கிலாந்தின் அரசு அமைப்பான என்விரான்மென்ட் ஏஜென்சியின் விதிப்படி வலையில் முடிச்சு இருக்கக் கூடாது, உலோகக் கம்பி வலையாகவும் இருக்கக் கூடாது. வலைக்கண்ணின் உட்சுற்றளவு 25 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நீளம் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. வளையங்களுக்கு இடையே 40 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. வாய் வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைப்பட்ட தூரம் மட்டும் இந்தக் கணக்கில் வராது. வளையத்தின் சுற்றளவு குறைந்தது 120 செ.மீ. சால்மன், டிரவுட் இன மீன்களைக் கீப்நெட்டில் வைக்கவே கூடாது.

25 என்ற எண்ணில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது கண்ணின் அகலம் இல்லை, சுற்றளவு. சதுரக் கண்ணாக இருந்தால் ஒரு பக்கம் 6 மி.மீ.தான் வரும். பழைய வலையோ, ஆன்லைனில் மலிவாக வந்த வலையோ கையில் இருந்தால் ஒரு மரப் பென்சிலை எடுத்துக் கண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். பென்சிலின் தடிமன் சுமார் 7 மி.மீ. உரசிக்கொண்டு போனாலோ போகாமல் நின்றாலோ கவலையில்லை. உள்ளே போய் லொடலொடவென்று ஆடினால் அந்த வலை வேண்டாம். வளையத்துக்கு 120 செ.மீ. நூல் ஒன்றை வெட்டிச் சுற்றிப் பாருங்கள். நூலின் இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் வளையம் சிறியது. வட்ட வளையம் என்றால் விட்டம் 38 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாகவாவது இருக்க வேண்டும்.

இப்போது நீளம். 2 மீட்டர் என்பது கேட்பதற்கு நிறையத் தெரியும். கரையில் பேங்க் ஸ்டிக் என்ற ஊன்றுகம்பியை ஊன்றி வலையை மாட்டியதும் மேற்பகுதி தண்ணீருக்கு வெளியேதான் தொங்கும். சரிவான கரையில் 80 செ.மீ. சாதாரணமாகப் போய்விடும். மிச்சம் 1.2 மீட்டர். 40 செ.மீ. விட்டமுள்ள வலையில் அது சுமார் 150 லிட்டர் தண்ணீர். ஒரு குளியல் தொட்டி அளவு. அதே இடத்தில் 3 மீட்டர் வலை போட்டால் 2.2 மீட்டர் முங்கும், சுமார் 275 லிட்டர். விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம். மீனுக்குக் கிடைக்கும் இடம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால்தான் 3 மீட்டருக்குக் குறைந்து வாங்காதீர்கள் என்கிறேன். உயரமான கரையென்றால் 4 மீட்டர்கூட அதிகமில்லை.

வலைத்துணியில் இரண்டு வகை கடையில் கிடைக்கும். ஒன்று மெல்லிய, மிருதுவான நுண்கண் துணி. ரோச், டேஸ் மாதிரிச் சின்ன மீன்களின் துடுப்பு நுனி அதில் சிக்காது. ஆனால் ஓட்டத்தில் பாய்மரம் போலத் தண்ணீரைப் பிடிக்கும், சேறு அடைக்கும், காய நேரமாகும். மற்றது கார்ப் மெஷ் என்று விற்கும் கனமான துணி. நிறைய எடை தாங்கும், சீக்கிரம் காயும். சின்ன மீன் போட்டால் துடுப்புக் கதிர்கள் கண்ணுக்குள் போய்க் கிழியும். ஒரே வலையை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளாமல், எந்த மீனைப் பிடிக்கப் போகிறீர்களோ அதற்கேற்றதை எடுத்துப் போங்கள். வட்டமா சதுரமா என்று கேட்டால், ஆழம் குறைந்த இடத்துக்குச் சதுர வளையம்தான். தரையில் படிந்து உட்காரும், காற்றுக்கு உருளாது. அடிவளையத்தில் கைப்பிடி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஏன் என்பது வலையைத் தூக்கும்போது தெரியும்.

வலையைப் போடுவதில் நடக்கும் தவறுகளைச் சொல்கிறேன். முதலாவது முறுக்கு. மடித்து வைத்த வலையை அப்படியே தண்ணீரில் வீசினால் நடுவில் ஒரு சுற்று முறுக்கிக்கொண்டு, துணி பிழிந்தது போல் இறுகிவிடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே போன மீனெல்லாம் மேல் இரண்டு வளையத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். அடிமுனையைக் கையில் பிடித்து நீட்டி, வளையங்கள் ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். அடிமுனையை இன்னொரு பேங்க் ஸ்டிக்கால் இழுத்துக் கட்டினால் வலை முழு நீளத்துக்கு விரிந்தே இருக்கும்.

ஆற்றில் கரையோடு கரையாக, வாய் மேல்நீர்ப் பக்கமும் அடிமுனை கீழ்நீர்ப் பக்கமும் இருக்கும்படி போடுங்கள். ஓட்டமே வலையை விரித்துக் கொடுக்கும், மீன் முகத்தை ஓட்டத்துக்கு எதிரே வைத்து நிற்கும். குறுக்கே போட்டால் ஒரு பக்கத் துணி வயிறு போல் உள்வாங்கி, மீனை எதிர்ப்பக்கத்தோடு சேர்த்து அழுத்தும். வேகமான ஓட்டத்தின் நடுவிலும் வேண்டாம், சேறு தேங்கிய மூலையிலும் வேண்டாம். கால்வாயில் வேறு தொல்லை. படகு கடக்கும்போது தண்ணீர் முதலில் வற்றி இறங்கும், பிறகு அலையாகத் திரும்பும். கட்டாத வலை கல்லில் உரசி உரசி, உள்ளிருக்கும் மீனின் செதிலைத்தான் உரிக்கும்.

உள்ளே எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது? பார்பெல்லைப் போடவே கூடாது. அதன் முதுகுத் துடுப்பின் முதல் கதிரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: தடித்த எலும்பு, அதன் பின்விளிம்பில் ரம்பம் போல் வரிசையாகப் பற்கள். வலைக்கண்ணுக்குள் போனால் திரும்பி வராது. மீன் துள்ளத் துள்ள இன்னும் ஏறும், கடைசியில் துடுப்பே பிளக்கும். அப்படிச் சிக்கிவிட்டால் மீனை இழுக்காதீர்கள். கத்தரியால் அந்த ஒரு கண்ணை வெட்டிவிடுங்கள். வலையை நாளைக்குத் தைத்துக்கொள்ளலாம். பார்பெல் போராடிப் போராடியே களைத்துப் போகிற மீன் வேறு. ஓட்டத்தைப் பார்த்து நிமிர்த்திப் பிடித்து, தானாக உதறிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். கெண்டைக்கும் இதே ரம்பக் கதிர் உண்டு, முதுகிலும் அடிப்பக்கத்திலும். ஆகவே கெண்டையைச் சின்ன ரோச்சோடு ஒரே வலையில் போடாதீர்கள். மற்ற மீன்களைத் தின்னும் பைக் மீன் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஆழத்திலிருந்து வந்த பெர்ச்சுக்குக் காற்றுப்பை உப்பியிருக்கும். கெண்டை இனம் போல வாய் வழியே காற்றை விட்டுவிட அதனால் முடியாது. அதை உடனே விட்டுவிடுங்கள்.

முட்டையிடும் காலத்தை யாரும் பேசுவதில்லை. ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை மீன்பிடிக்கவே தடை இருப்பதால் பிரச்சினை குறைவு. பெரும்பாலான குளங்களில் தடை இல்லை. மே மாதத்தில் ஆண் பிரீமின் தலையைத் தொட்டால் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும். அப்படி நாலு மீனை முட்டை நிறைந்த பெண் மீன்களோடு ஒரு வலைக்குள் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்த வாரங்களில் வலையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம்? போட்டி வழக்கமாக 5 மணி நேரம் நடக்கும். போட்டி இல்லாத நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. இரவு முழுக்க வைப்பது அநியாயம். 10 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 20 டிகிரியில் 9.1, 25 டிகிரியில் 8.3. தண்ணீர் சூடேற ஏற இருப்பு குறைகிறது, மீனின் தேவையோ கூடுகிறது. பாசியும் செடிகளும் இரவெல்லாம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் குளத்தில் அது மிகக் குறைவு. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் போட்டியிலும் அரைமணிக்கு ஒருமுறை வலையைப் பாருங்கள். மீன்கள் வலையின் மேற்பக்கம் கூடி வாயைத் திறந்து மூடினால், எடை போடுவதை மறந்துவிட்டு விட்டுவிடுங்கள். போட்டிக் குளங்களில் ஒரு வலைக்கு 50 பவுண்டு என்பது போல எடை வரம்பு வைப்பார்கள். 3 மீட்டர் வலைக்கு வெயில் காலத்தில் அது அதிகம். 10 கிலோவோடு நிறுத்தி அடுத்த வலைக்குப் போவதே சரி.

மீனை உள்ளே விடும்போது வலையும் கையும் நனைந்திருக்க வேண்டும். மேலிருந்து போடாதீர்கள், மீனைத் தண்ணீரிலிருந்து எடுக்கும் கைவலையான லேண்டிங் நெட்டை கீப்நெட்டின் வாய்க்குள் இறக்கிச் சாய்த்தால் அதுவே வழுக்கிப் போகும். மீனின் மேல் இருக்கும் அந்தக் கொழகொழப்புதான் அதற்குக் கவசம். அது போன இடத்தில் சில நாளில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும்.

தூக்கும்போது வாயைப் பிடித்து மொத்தமாக இழுக்கக் கூடாது. மொத்த எடையும் அடியில் விழுந்து, கீழே கிடக்கும் மீன் மேலே கிடப்பவற்றால் நசுங்கும். மேலிருந்து ஒவ்வொரு வளையமாகக் கையில் சேர்த்துக்கொண்டே வந்து, கடைசி இரண்டு வளையம் தண்ணீரில் இருக்கும்போதே அடிக்கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, எடைப்பைக்குள் சரியுங்கள். எடை போடவில்லை என்றால் கரைக்குக் கொண்டுவரவே வேண்டாம்: வாய் வளையத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அடிமுனையை மெதுவாக உயர்த்துங்கள். மீன் தானே வெளியேறிவிடும். படத்துக்காகப் பிடித்ததையெல்லாம் புல்லில் கொட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு மீனை ஈரப் பாயின் மேல் பிடித்து ஒரு படம் எடுத்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் வலையைப் பையிலிருந்து எடுங்கள். கேம்பிரிட்ஜ்ஷயரில் கிராஃபம் வாட்டரில் 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட ‘கொலைகார இறால்’ என்ற அந்நிய உயிரி, ஈர மடிப்புக்குள் இரண்டு வாரம்வரை உயிரோடு இருக்கும். கெண்டையைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் கோய் ஹெர்பிஸ் வைரஸும் ஈர வலையோடு ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகக்கூடும். பல குளங்களில் மருந்துத் தொட்டியில் முக்கச் சொல்வதும், சில இடங்களில் குளத்துக்காரர்கள் தங்கள் வலையையே தருவதும் இதனால்தான். வலையைக் குலுக்கி, ஒட்டியிருக்கும் செடி, செதில், நத்தையெல்லாம் பொறுக்கி எடுங்கள். குளியல் தொட்டியில் 45 டிகிரி வெந்நீரில் 15 நிமிடம் முக்கி, பிறகு மடிப்பில்லாமல் கொடியில் தொங்கவிடுங்கள். வளையத்தோடு துணி சேரும் தையல்தான் கடைசியாகக் காயும். அங்கே தொட்டுப் பார்த்து ஈரம் இல்லை என்றால்தான் பைக்குள் வைக்கலாம்.