குளத்தில் விட்டால் கணக்கு முடிந்ததா?

வளர்த்த நாயைக் கொண்டுபோய் பைபாஸ் ஓரத்தில் இறக்கிவிட்டு வருகிறவனை ஊரே காறித் துப்பும். வளர்த்த வாத்தைக் குளத்தில் விட்டுவிட்டு வருகிறவனுக்கு மட்டும் எப்படியோ நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. "பாவம், தண்ணியில சுதந்திரமா இருக்கட்டும்னு விட்டுட்டாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர்களே நற்சான்றிதழ் கொடுக்கிறார்கள். கோவையில் குளக்கரைகளெல்லாம் நடைபாதை, விளக்கு, பெஞ்சு என்று மாறிய பிறகு இந்தப் புண்ணிய காரியம் கூடிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். முன்பெல்லாம் அந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியை முறுக்குவோம். இப்போது காரை நிறுத்த இடம் இருக்கிறது, அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கவும் வசதி. வரும்போது அப்படியே ஒரு மசாலா பொரியும் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

எங்கள் பக்கத்துக் குளத்தில் இப்போது இரண்டு வாத்துகள் இருக்கின்றன. வெள்ளை வாத்து என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வயிற்றுப் பக்கம் பார்த்தால் சாக்கடைத் தண்ணீர் ஏறி, துவைக்காத பனியன் நிறத்தில் இருக்கிறது. இரண்டும் ஆண். வாலின் மேல் சுருண்டு நிற்கும் இறகையும், கரகரவென்று தொண்டை கட்டியது போன்ற குரலையும் வைத்தே சொல்லிவிடலாம். ஊரைக் கூட்டுகிற அந்த 'க்வாக் க்வாக்' எல்லாம் பெண்ணின் சத்தம். ஒன்றுக்குக் கால் வளைந்திருக்கிறது. நாலு அடி நடக்கும், உட்காரும். மறுபடி எழுந்து நாலு அடி. குளத்தின் நடுவில் நாமக்கோழிகளும் முக்குளிப்பான்களும் தங்கள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்க, இவை இரண்டும் நாள் முழுக்கக் கரையை ஒட்டியே கிடக்கின்றன. யாராவது பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கும்.

அந்தக் கால் எப்படி வளைந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். சந்தையில் கம்பி வலைக்குள் மஞ்சள் பந்தாக நிற்கும் குஞ்சைக் குழந்தை அழுகிறது என்று வாங்கி வருவார்கள். கடைக்காரர் கையோடு கோழிக்குஞ்சுத் தீவனம் ஒரு கிலோ கொடுத்துவிடுவார். வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்ற பி வைட்டமின், கோழிக்குஞ்சுக்குத் தேவைப்படுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். அது கிடைக்காவிட்டால் மூட்டு வீங்கிக் கால் வளைந்துவிடும். ஆரம்பத்திலேயே கவனித்தால் சரிசெய்யலாம், வளர்ந்த பிறகு முடியாது. இத்தனைக்கும் தவிட்டிலும் ஈஸ்ட்டிலும் இருக்கிற சத்துதான். கொங்கு நாட்டில் தவிட்டுக்கா பஞ்சம்?

சரி, கால் நன்றாக இருந்தால் மட்டும் குளத்தில் பிழைத்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. நாம் வளர்க்கிற வாத்து இனங்களில் மஸ்கோவி தவிர மற்ற எல்லாமே மல்லார்ட் என்ற ஒரே காட்டு வாத்திலிருந்து மனிதன் பல நூறு ஆண்டுகளாகப் பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கியவை. காட்டு மல்லார்ட் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். கடைகளில் விற்கிற வெள்ளை பெக்கின் சீனாவில் கறிக்காக உருவான இனம். 1873இல் அமெரிக்காவுக்குப் போய், இன்று உலகம் முழுக்கப் பண்ணைகளில் நிற்கிறது. ஏழெட்டு வாரத்திலேயே மூன்று கிலோவைத் தொட்டுவிடும். உடம்பு பெருத்த அளவுக்கு இறக்கை பெருக்கவில்லை. அதனால் பறக்க முடியாது. தெருநாய் வந்தால் சிறகை அடித்துக்கொண்டு ஓடும், அவ்வளவுதான். நிறமோ பளீர் வெள்ளை, இருட்டிலும் தெரியும். காட்டு வாத்தின் மண் நிறம் அழகுக்காக வந்ததா என்ன? ராத்திரி நடுத்தண்ணீரில் தங்க வேண்டும் என்கிற எச்சரிக்கையும் இதற்குப் போதாது. வீட்டில் பழகிய ஞாபகத்தில் கரையேறிப் படுத்துக்கொள்ளும். காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் பார்ப்பது சிதறிக் கிடக்கும் இறகைத்தான்.

நாய்க்குத் தப்பினாலும் கோடை இருக்கிறது. தண்ணீர் வற்றி, தேங்கி, சூடாகி, செத்த மீன் மிதக்கும்போது அந்தச் சேற்றில் போட்டுலிசம் என்ற நோயைக் கொடுக்கும் நச்சு உருவாகும். வாத்துக்குக் கழுத்து தொங்கிவிடும். தலையைத் தூக்க முடியாமல், தான் நீந்துகிற தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். இதில் நாம் கரையிலிருந்து வீசுகிற ரொட்டியும் பொரியும் வேறு ஊறி அழுகித் தண்ணீரைக் கெடுக்கிறது. ரொட்டியில் வாத்துக்கு வேண்டிய அளவு சத்து இல்லை, வயிறு மட்டும்தான் நிறையும்.

ஒரு சாயங்காலம் அட்டைப் பெட்டியோடு வந்த ஒரு குடும்பத்திடம் பேச்சுக் கொடுத்தேன். சண்டைக்குப் போகவில்லை, குழந்தைகள் இருந்தார்கள். "ஏனுங்ண்ணா, இங்க விட்டா நாய் புடிச்சிருமுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப ஊட்டுல அறுத்துத் திங்கச் சொல்றீங்களா? வளர்த்த கையால அந்தப் பாவம் நமக்கெதுக்குங்க" என்றார்.

நான் சண்டை போட நினைப்பது இந்தப் பதிலோடுதான். ஆமாங்க, அறுத்துத் தின்றிருக்கலாம். அசைவம் சாப்பிடாதவர் என்றால் சாப்பிடுகிறவருக்குக் கொடுத்திருக்கலாம். இது கொடூரமாகத் தெரிந்தால் ஒன்றை யோசியுங்கள். எங்கள் அப்பாரு தோட்டத்தில் ஆடு, கோழி, எருமை எல்லாம் இருந்தன. குஞ்சு பொரிக்கும்போதே எது அடைக்கு, எது விற்பனைக்கு, எது மாசாணியம்மனுக்கு என்று கணக்கு இருக்கும். வேண்டாமென்று ஒரு சேவலைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிட்டு வந்ததாக ஒரு கதைகூடக் கேட்டதில்லை. அப்படிச் செய்தால் கிறுக்கன் என்பார்கள். கத்தி பட்டு ஒரு நொடியில் போகிற உயிர், நாய் வாயில் அரை மணி நேரம் துடித்துப் போவதால் பாவம் குறைந்துவிடுமா? நம் கண்ணில் படாமல் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நடுத்தர வர்க்கத்து இளகிய மனசு இருக்கிறதே, அதற்கு விலங்கின் வலியைவிடத் தன் கை சுத்தமாக இருப்பதுதான் முக்கியம். கடுமையாகச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11இன்படி, பட்டினியிலோ தாகத்திலோ வாட நேரும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம். வாத்தும் அதில் அடக்கம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மிகாமல். குளக்கரையில் ஒரு தட்டு காளான் சாப்பிடக்கூட அது பத்தாது. பல பத்தாண்டுகளுக்கு முன்னால் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. ஆகவே போலீஸ், கேஸ் என்று பயமுறுத்தும் உத்தேசம் எனக்கு இல்லை.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. குளம் என்பது நாம் வீசுகிறதை வாங்கிக்கொள்ளும் தொட்டி இல்லை, அங்கே ஏற்கெனவே குடித்தனம் இருக்கிறது. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஈரோடு வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022இலேயே சேர்ந்துவிட்டது. பனிக்காலத்தில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் எங்கிருந்தெல்லாமோ பறந்து நம் குளங்களுக்கு வருகின்றன. நம்மூர்ப் புள்ளிமூக்கு வாத்து வருஷம் முழுக்க இங்கேயே இருக்கிறது. அது மல்லார்டுக்கு நெருங்கிய சொந்தம், இரண்டும் கலந்து குஞ்சு பொரிக்க முடியும். நியூசிலாந்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மல்லார்ட் அங்கிருந்த சாம்பல் வாத்தோடு கலந்து கலந்து, இன்று கலப்பில்லாத சாம்பல் வாத்தைத் தேடிப் பார்க்க வேண்டிய நிலை. இங்கே அந்த அளவுக்குப் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ஆரம்பித்து வைக்கிற வேலை நமக்கு எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

பறவைக் காய்ச்சலும் இருக்கிறது. ஆலப்புழையில் 2021இலும் 2024இலும் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் என்றதும் வாளையாறு செக்போஸ்ட்டில் வண்டிச் சக்கரத்துக்கெல்லாம் மருந்து அடித்தார்கள், ஞாபகம் இருக்கும். காரணம் இருக்கிறது. இந்தப் பக்கம் கறிக்கோழிப் பண்ணைகள் நிறைந்த பல்லடம், அந்தப் பக்கம் நாமக்கல். தினமும் கோடிக்கணக்கில் முட்டை போகிற ஊர் அது. வாத்து சில சமயம் நோய் அறிகுறியே காட்டாமல் அந்தக் கிருமியைச் சுமந்து திரியும். வலசை வந்த பறவையோடு ஒரே தண்ணீரில் மேய்ந்த வாத்தை யாரோ இரக்கப்பட்டுப் பிடித்துக்கொண்டுபோய் நேராகக் கோழிக் கூண்டுக்குள் விட்டால் என்ன ஆகும்? அதனால் குளத்து வாத்தை மீட்கிறவர்கள் சில வாரங்கள் தனியாக அடைத்து வைத்துவிட்டு அப்புறம் மற்றதோடு சேர்ப்பதுதான் நல்லது.

இவ்வளவு சொன்னதால் வாத்தே வளர்க்காதீர்கள் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். தோட்டமும் தண்ணீரும் இருந்தால் வாத்தைப் போல லாபமான பிராணி குறைவு. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் நெல் அறுத்ததும் நூற்றுக்கணக்கில் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வருவார்களே, பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு மூங்கில் கம்பை வைத்துக்கொண்டு ஒருவர் அத்தனையையும் திருப்புவார். சிந்திய நெல், நத்தை, புழு எல்லாம் அதன் வயிற்றுக்கு, எச்சம் வயலுக்கு. ராத்திரி வலை கட்டிய பட்டிக்குள் அடைத்து, விடியக்காலையில் முட்டை பொறுக்குவார்கள். வாத்து வளர்ப்பு என்றால் அது. அந்த வாத்தைக் குளத்தில் விட்டுவிட்டுப் போன மேய்ப்பரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? அவர் நம்மைவிட ஏழை, ஒரு வாத்தின் விலை அவருக்குத் தெரியும்.

மூன்றாவது மாடி ஃபிளாட்டில் வாத்து வேண்டாம், அவ்வளவுதான். குஞ்சு மூன்று வாரம் அழகு. ரீல்ஸ் எடுக்கலாம், குழந்தை பின்னாலேயே ஓடும். இரண்டாம் மாதம் எச்சமும் நாற்றமும், பெண்ணாக இருந்தால் சத்தமும். குஞ்சில் ஆண் பெண் பார்த்து வாங்க நமக்குத் தெரியாது, விற்கிறவரும் சொல்ல மாட்டார். ஆணாகப் போய்விட்டால் முட்டையும் இல்லை. குளத்துக்கு வருவதில் பெரும்பாலும் ஆணாக இருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷம்கூட இருக்கும் என்பதை வாங்கும்போது எத்தனை பேர் யோசிக்கிறார்கள்? இன்று யூகேஜி படிக்கிற பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதும்வரை.

இடம் இருக்கிறது, வளர்த்தே தீருவேன் என்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒற்றையாக வளர்க்காதீர்கள், ஏங்கிப்போகும். ஒரு ஆணுக்கு நாலைந்து பெண் இருக்க வேண்டும், ஆண் கூடினால் பெண்ணின் கழுத்து இறகைப் பிய்த்துப் புண்ணாக்கிவிடும். நீச்சல் குளமெல்லாம் வேண்டாம், தலையை முழுசாக முக்கிக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளும் ஆழத்தில் தொட்டி போதும். தாயில்லாத குஞ்சைக் குளிப்பாட்டுகிறேன் என்று தண்ணீரில் விட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். இறகில் எண்ணெய்ப்பசை ஏறும்வரை நனைந்து விறைத்துப் போகும். ராத்திரி கதவு போட்ட கொட்டகை வேண்டும், கீரியும் நாயும் நுழைகிற மாதிரி சந்து எதுவும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கையோ மக்காச்சோளத்தையோ போட்டுவிடாதீர்கள். அதிலிருக்கும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சை மாடு ஓரளவு தாங்கும், வாத்து தாங்கவே தாங்காது. ஈரல் கெட்டுக் கூட்டமாகச் செத்துவிழும். மாட்டுக்குப் போக மிச்சம்தானே என்று போடுகிற தோட்டம் நம் பக்கம் நிறைய.

ஏற்கெனவே குளத்தில் கிடப்பவற்றுக்கு? தீனி போடாதீர்கள் என்று ஒரேயடியாகச் சொன்னால் அந்த இரண்டும் பட்டினியில் போய்விடும். தினமும் ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், தண்ணீரை விட்டுத் தள்ளிக் கொஞ்சம் கம்போ நெல்லோ வைத்துப் பழக்க வேண்டும். பழகிய பிறகு குளத்துப் பக்கம் இரண்டு பேர் நின்று வழியை மறித்தால் பிடித்துவிடலாம். தண்ணீரில் இறங்கித் துரத்தவே கூடாது. காலைப் பிடித்துத் தூக்கினால் உடைந்துவிடும், இறக்கையோடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டும். எங்கள் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் ஒரு ரிட்டயர்டு அண்ணன் இந்தக் கம்பு வைக்கிற வேலையை ஆரம்பித்துவிட்டார். மற்றவர்களைப் பிஸ்கட் போட விடாமல் தடுப்பதுதான் அவருக்குப் பெரிய வேலையாக இருக்கிறது.

பிடித்த பிறகு கொண்டுபோய் விட இடம் வேண்டும். சூலூர், பல்லடம், அன்னூர், பொள்ளாச்சி எந்தப் பக்கமானாலும் சரி, தோட்டத்தில் தொட்டித் தண்ணீரும் ராத்திரி அடைக்கிற கொட்டகையும் இருக்கிறவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள், வண்டிச் செலவு எங்களுடையது. இரண்டும் ஆண், ஒன்றுக்குக் கால் வளைவு, முட்டை கிடைக்காது. பின்னால் வருத்தப்படக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். குழம்பு வைக்கிற எண்ணம் இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். குளத்துச் சாக்கடையில் மேய்ந்த வாத்து, உடனே சாப்பிடுவது உங்களுக்குத்தான் நல்லதில்லை.