பரிந்துரை அவருடையது, பில் மட்டும் வேறெங்கோ

இதை எழுதாவிட்டால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வராது. நேற்று ஒரு சின்னப் புத்தகக் கடைக்கு என் நண்பனைக் கூட்டிக்கொண்டு போனேன். சங்கிலிக் கடை இல்லை, ஒரே ஒருவர் சொந்தமாக நடத்துகிற கடை. "ஏதாவது நல்லதாகப் படிக்கச் சொல்லுங்க" என்று இவன் கேட்டான். கடைக்காரர் உடனே எதையும் நீட்டவில்லை. "கடைசியா எந்தப் புத்தகத்தைப் பாதியில வெச்சீங்க?" என்று கேட்டார். ஒரு தடித்த சரித்திர நாவலைச் சொன்னான், அரண்மனைச் சதியெல்லாம் சலித்துவிட்டது, படகோட்டிகள் வருகிற இடம் மட்டும் பிடித்தது என்றான். "அப்போ உங்களுக்குச் சரித்திரம் பிடிக்காம இல்ல, வேலை செய்யற மனுஷங்க வர்ற கதைதான் வேணும்" என்று சொல்லிவிட்டு, பின் அலமாரியிலிருந்து மூன்று புத்தகம் எடுத்து வந்தார். ஒரு துறைமுகத் தொழிலாளியின் தன்வரலாறு, ஒரு மொழிபெயர்ப்பு நாவல், மெல்லிய கட்டுரைத் தொகுப்பு ஒன்று. எதை முதலில் படிக்க வேண்டும், அந்த மொழிபெயர்ப்பு நாவலில் முதல் முப்பது பக்கத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதுவரை சொன்னார். இருபது நிமிடம் இருக்கும்.

இவன் என்ன செய்தான் தெரியுமா? மூன்று அட்டையையும் போனில் படம் எடுத்தான். கல்லாவுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டே ஆன்லைனில் தேடி, தள்ளுபடி பார்த்து, அங்கேயே ஆர்டர் போட்டான். புத்தகங்களை மேசையிலேயே விட்டுவிட்டு "தேங்க்ஸ்" சொல்லிக் கிளம்பினான். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் அதனதன் இடத்தில் வைத்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்து சண்டை போட்டேன். "இதில் என்ன தப்பு? எனக்குப் புத்தகம் கிடைக்கிறது, எழுத்தாளருக்கு ராயல்டி போகிறது, யாருக்கு நஷ்டம்?" என்கிறான். யாருக்கு நஷ்டமா? அந்த மூன்று புத்தகத்தைத் தேடிக் கண்டுபிடித்தது யார்? பதிப்பாளர்களின் பட்டியலை வரி வரியாகப் பார்த்து, கடையைச் சாத்திவிட்டு இரவில் உட்கார்ந்து படித்து, பிடிக்காத பத்தைத் தள்ளி, பிடித்த ஒன்றைக் கைக்காசு போட்டு வரவழைத்து அலமாரியில் வைத்தது யார்? புத்தகத்தின் விலையில் கடைக்காரருக்கு நிற்பது பதிப்பாளர் தருகிற கழிவு மட்டும்தான். வாடகை, மின்சாரம், உதவியாளர் சம்பளம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பேச்சுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. புத்தகம் விற்றால்தான் அந்த இருபது நிமிடத்துக்குக் கூலி, விற்காவிட்டால் நாம் அவரிடம் இனாமாக வேலை வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அந்த விற்பனை எங்கே பதிவாகிறது என்று யோசித்துப் பாருங்கள். கடையின் கணக்கில் அந்தத் தன்வரலாறு இன்னும் விற்காத புத்தகம். சில மாதம் பார்ப்பார், அப்புறம் விற்காததைத் திருப்பி அனுப்புகிற கட்டோடு அதையும் சேர்த்துவிடுவார், அல்லது மறுபடி வரவழைக்கத் தயங்குவார். ஆன்லைன் தளத்திலோ இவன் வாங்கிய மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்த புத்தகங்களாகப் பதிவாகிவிடும். அடுத்து ஒருவர் அதில் ஒன்றைப் பார்க்கும்போது, "இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்" என்று மற்ற இரண்டும் வந்து நிற்கலாம். இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று அமேசான் பொறியாளர்களே 2003இல் ஒரு கட்டுரையில் விளக்கியிருக்கிறார்கள்: எந்தப் பொருளை வாங்கியவர்கள் வேறு எதையும் சேர்த்து வாங்குகிறார்கள் என்பதை வைத்து, பொருளுக்கும் பொருளுக்கும் உள்ள நெருக்கத்தைக் கணக்கிடுவது. சரி, கெட்டிக்கார முறைதான். ஆனால் அது ஒரு பக்கமும் படித்ததில்லை. யாரும் வாங்காத புத்தகம் அதன் கண்ணுக்குத் தெரியாது. முதல் ஆள் வாங்க வேண்டும், அந்த முதல் ஆளுக்குச் சொல்லி அனுப்பியவர் கடைக்காரர். அவர் தலையில் இருந்த அறிவு இன்னொருவரின் கணிப்பொறிக்குள் போய்விட்டது, அவர் பெயர்கூட எங்கும் கிடையாது!

பெரிய கடைகளிலும் பரிந்துரை மேசை இருக்கிறதே என்பார்கள். வாசலில் அடுக்கியிருப்பதெல்லாம் யாரோ படித்துப் பிடித்து வைத்தது என்று நம்புகிறீர்களா? பதிப்பாளர் பணம் கொடுத்து முன்மேசை இடத்தை வாங்குவது ஆங்கிலப் புத்தக வணிகத்தில் பல காலம் சாதாரணமாக நடந்தது. பிரிட்டனில் வாட்டர்ஸ்டோன்ஸ் சங்கிலிக் கடைகளின் பொறுப்புக்கு 2011இல் வந்த ஜேம்ஸ் டான்ட் அந்தப் பணத்தை வேண்டாம் என்று நிறுத்தினார், எதை முன்னால் வைப்பது என்பதை அந்தந்தக் கடையில் இருப்பவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டார். அவர் சொந்தமாகச் சின்னப் புத்தகக் கடை நடத்திப் பழகியவர். சின்னக் கடைக்காரர் தினமும் செய்வதைத்தான் பெரிய கடை காசை விட்டுக்கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். பிரான்சில் 1981லிருந்து சட்டம் இருக்கிறது, புதுப் புத்தகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் யாரும் தள்ளுபடி தரக் கூடாது. அங்கே இவனைப் போன்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு ஓடி என்ன லாபம்? அந்த மாதிரிச் சட்டம் இல்லாத இடத்தில் நாம்தான் யோசிக்க வேண்டும். கையில் காசு இல்லை என்றால் அது வேறு விஷயம், அவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நூலகத்தில் எடுத்துப் படியுங்கள், பழைய பிரதி கிடைக்குமா என்று கடைக்காரரிடமே கேளுங்கள், பெரும்பாலும் அவரே வழி சொல்வார். நண்பனுக்குக் காசு இல்லாமல் இல்லை. மூன்றில் ஒன்றையாவது அங்கே வாங்கியிருக்கலாம். ஒன்று!

இந்த ஆட்கள் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்வதும் கிடையாது. எனக்கு அதுதான் தாங்கவே முடியவில்லை. "நீங்க சொன்ன புத்தகம் பிரமாதம்" என்றோ "ஐம்பது பக்கம்கூடத் தாண்ட முடியல" என்றோ வாங்கினவர் வந்து சொன்னால்தானே அடுத்த ஆளுக்கு எதைக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரியும்? பல வருடம் வாசகர்கள் வந்து சொல்லிச் சொல்லிச் சேர்ந்ததுதான் அந்தக் கைராசி. வேறெங்கோ வாங்கியவன் எந்த முகத்தோடு வந்து சொல்வான்?

நான் திரும்ப உள்ளே போய் அந்தத் துறைமுகத் தொழிலாளியின் தன்வரலாற்றை வாங்கி வந்தேன். நேற்று இரவு அறுபது பக்கம் ஆயிற்று. இரண்டாவது அத்தியாயம் இழுக்கிறது, மூன்றாவதில் சரக்கு இறக்குகிற இடம் வந்ததும் கீழே வைக்க முடியவில்லை. முடித்ததும் போய் இதை அவரிடம் அப்படியே சொல்லப் போகிறேன், இழுக்கிற இடத்தையும் சேர்த்து.