இரண்டு பிள்ளைகள்தானே?

போன வாரக் கடைசியில் பேரனும் பேத்தியும் எங்களோடு இருந்தார்கள். திங்கட்கிழமை கோத்தகிரி மார்க்கெட்டில் என்னைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாக ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். "என்ன டீச்சர், பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்களாமே, பொழுது நன்றாகப் போயிருக்குமே!" பொழுது போனது உண்மை. எப்படிப் போனது என்று கேட்க ஒருவரும் நிற்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் எழுதுவேன், பொறுமை இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம்.

என்னை அறியாதவர்களுக்கு: நான் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள், காய்கறித் தோட்டத்துக் கூலிகளின் பிள்ளைகள், கடைசிச் சில ஆண்டுகளில் வடமாநிலங்களிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் பிள்ளைகள் என்று என் மையத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் ஒரு தலைமுறைக்கு மேல். அதனால் எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு வசனம் கிடைக்கும்: "இருபது பிள்ளைகளை மேய்த்தவருக்கு இரண்டு பிள்ளைகள்தானே, ஒரு பொருட்டா?"

பொருட்டுதான். மையத்தில் எனக்கு உதவியாளர் ஒருவர் இருந்தார். நான் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் அவர் சோறு வடிப்பார். ஒருவன் கால்சட்டையை நனைத்துக்கொண்டால் அவர் அவனைத் தூக்கிக்கொண்டு போவார், மற்றவர்கள் மேல் என் கண் இருக்கும். மதியம் சாப்பிட்டதும் வரிசையாகப் படுக்க வைப்போம். ஒன்று தூங்கினால் பக்கத்தில் இருப்பதும் தூங்கிவிடும். மாலையானால் யாராவது வந்து அழைத்துப் போய்விடுவார்கள். இரவு பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து "அம்மா வேண்டும்" என்று அழும் பிள்ளை அங்கன்வாடிப் பதிவேட்டில் கிடையாது. அதோடு அப்போது என் முழங்காலும் இந்த முழங்கால் இல்லை.

"அந்தக் காலத்துப் பாட்டிகள் பத்துப் பேரப்பிள்ளைகளை முணுமுணுக்காமல் வளர்த்தார்கள்" என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. அவர்கள் எந்தப் பாட்டியைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என் பாட்டி என்னைப் பார்த்துக்கொள்ளவில்லை. என் அம்மா கொழுந்து பறித்த அதே மலையில், இரண்டு வரிசை தள்ளி, அவரும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டது எஸ்டேட்டில் சம்பளம் வாங்கிய ஆயா. ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் அவர்களின் சிறு பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. எல்லாத் தோட்டங்களிலும் அது ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மழை ஒழுகிய கொட்டகைகளும் உண்டு. ஆனாலும் பிள்ளை பார்ப்பது ஒரு வேலை, அதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கூலி வேண்டும் என்பது வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன தோட்டத்துக் கணக்குப்பிள்ளைக்கே விளங்கியிருந்தது. படித்த நம் வீடுகளில்தான் விளங்க மறுக்கிறது.

மகள் மேல் எனக்குக் குறை இல்லை. கோயம்புத்தூரில் வேலை, சனிக்கிழமையும் போக வேண்டும். 2017-இல் மகப்பேறுச் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றார்கள். அவள் வேலை செய்யும் இடத்தில் அத்தனை பேர் இல்லை. மாப்பிள்ளைக்கு அந்தச் சனி, ஞாயிறு பார்த்துச் சென்னையில் வேலை. வேறு யாரைக் கேட்பாள்? என்னைத்தான் கேட்பாள். சரியாகச் சொன்னால், கேட்கவில்லை. வியாழக்கிழமை இரவு போனில், "வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிடுகிறோம் அம்மா" என்றாள். இந்த "விட்டுவிடுகிறோம்" பற்றிப் பிறகு வருகிறேன்.

2024 மே மாதத்திலிருந்து நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்து வர வேண்டும் அல்லவா? பாட்டி வீட்டில் பிள்ளைகளை இறக்கிவிடும் காருக்கும் அதேதான். பாஸ் எடுக்க மறக்காத மாப்பிள்ளை, இங்கே பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்பதை மறந்துவிட்டார். குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் பழச்சாறு பாட்டில்களை எடுத்து வைத்துக்கொண்டார்கள். நல்ல காரியம், அந்தப் பாட்டில்கள் கடைசியில் எங்கள் ஓடைகளில்தான் கிடக்கும். ஆனால் அந்த துக்கத்தைப் பெரியவன் வளைவுக்கு வளைவு அழுது தீர்த்திருக்கிறான். சின்னவள் இரண்டு வளைவுக்கு ஒருமுறை வாந்தி எடுத்திருக்கிறாள். வீட்டுக்குள் வந்தபோது இரண்டும் வாடிய கீரைக்கட்டு போல இருந்தன. வந்தவர் ஒரு டீயைக் குடித்துவிட்டு இறங்கிவிட்டார். வாந்தி பட்ட துணிகள் என்னிடம்.

துணி என்றதும் சமவெளிக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கொட்டித் தீர்க்கும். எங்கள் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் முறையான மழை. இந்தக் காலத்தில் துவைத்த துணி மூன்று நாள் ஆனாலும் ஈரமாகவே தொங்கும். மூன்று வயதுப் பெண் ஒரு நாளைக்கு எத்தனை ஜட்டி நனைப்பாள் என்று எண்ணிப் பாருங்கள். சனிக்கிழமை முழுவதும் விறகு அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, குட்டிக் குட்டித் துணிகளைப் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் புகை வாசம். ஞாயிறு மாலை மகள் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மடித்துப் பையில் வைத்துவிட்டாள்.

இனி மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலுக்கு வருகிறேன். எத்தனை மணிக்குப் பால், எத்தனை மணிக்குப் பழம், எத்தனை மணிக்குத் தூக்கம். இரண்டு வேளையும் குளியல். இந்தக் குளிரில்! மொபைல் வேண்டாம், டிவி அரை மணி நேரம். கடைசியாக மாப்பிள்ளை தன் பங்குக்குச் சேர்த்திருந்தார்: "வெளியே இயற்கையோடு விளையாடட்டும்."

இயற்கை எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. காலையில் அது காட்டெருமையாகத் தேயிலைக்கு நடுவில் நிற்கும். இருட்டினால் கரடியாக வரும். சத்துணவுக் கூடத்தின் கதவைப் பெயர்த்து எண்ணெயைக் குடித்துவிட்டுப் போன கரடியைப் பற்றி இங்கே யாரும் வியந்து பேசுவதில்லை. ஐந்து மணி ஆனால் எங்கள் தெருவில் பிள்ளைகள் உள்ளே வந்துவிட வேண்டும். தொலைவில் இருந்து சொல்லுகிற ஆலோசனைக்கும் இந்த வாசலுக்கும் அவ்வளவு தூரம். மழை விட்ட நேரத்தில் சேறு மிதிக்க விட்டேன். மற்ற நேரம் டிவி போட்டேன், அரை மணிக்கு மேலேயே போட்டேன். டிவி ஓடிய நேரத்தில்தான் ஒரு சட்டி மேராக்காய் (சௌசௌ) கூட்டும் சோறும் ஆயிற்று. அடுப்படியில் கொதிக்கும் குழம்பு, காலைக் கட்டிக்கொண்டு மூன்று வயதுப் பிள்ளை: இவை இரண்டும் சேர்வதைவிட டிவியே பாதுகாப்பானது.

பட்டியலில், "பெரியவன் முட்டையில் மஞ்சள் கரு சாப்பிட மாட்டான், வெள்ளையை மட்டும் கொடுங்கள்" என்றும் இருந்தது. நான் அவித்த முட்டையை உரிக்காமல் அவன் கையில் கொடுத்துவிட்டேன். வாசல் படியில் போய் உட்கார்ந்தான். படியில் தட்டப் பயம்; உடைந்து ஓடிவிடும் என்று நினைத்தானோ என்னவோ, தன் முழங்காலில் மெதுவாகத் தட்டினான். ஒன்றும் ஆகவில்லை. பிறகு படியில் தட்டினான். விரிசல் விழுந்ததும் நகத்தால் ஒவ்வொரு சில்லாகப் பெயர்த்துப் படியின் விளிம்பில் வரிசையாக வைத்தான். உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் ஓரிடத்தில் நீளமாக உரிந்து வந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, என்னைக் கூப்பிட்டு, தங்கையைக் கூப்பிட்டு, தாத்தாவையும் கூப்பிட்டுக் காட்டினான். வெள்ளையில் பாதி ஓட்டோடு போய்விட்டது. மிஞ்சியதை, மஞ்சள் எது வெள்ளை எது என்று பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டு, தங்கைக்கு உரித்துக் கொடுக்க இன்னொரு முட்டை கேட்டான். முட்டை போடும் நாட்களில் மையத்தில் இதை நான் எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். தன் கையால் உரித்ததைப் பிள்ளை வேண்டாம் என்று சொல்வது அபூர்வம். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். எட்டரை மணிப் பள்ளி வேனுக்குப் பிள்ளையைத் தயார் செய்யும் தாயிடம் அந்த நேரம் இருக்காது. அதனால்தான் அவள் வெள்ளையை மட்டும் ஊட்டி அனுப்புகிறாள். இது எனக்குப் புரிகிறது. என்னிடம் வரும்போது எனக்குத் தெரிந்ததும் இருக்கிறது என்பது அவளுக்கும் புரிய வேண்டும்.

சனிக்கிழமை இரவும் அப்படித்தான். சின்னவள் அழுதபோது என் வீட்டுக்காரர், "அம்மா இதோ வந்துகொண்டே இருக்கிறாள் கண்ணு" என்றார். பிள்ளை கதவையே பார்த்துக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதது. அழும் பிள்ளையிடம் வராத அம்மாவை வருவதாகச் சொல்லக் கூடாது. "இன்றைக்கு வரமாட்டாள். நாளைக்கு எழுந்து, சாப்பிட்டு, குளித்து, விளையாடினால் வருவாள்" என்று நான்கு விரலை மடக்கிக் காட்டினேன். அவளும் மடக்கினாள். மகளின் பழைய ஸ்வெட்டர் ஒன்று அலமாரியில் கிடந்தது, அதைப் போர்த்தினேன். தூங்குவதற்கு அதற்குப் பிறகும் வெகு நேரம் ஆயிற்று. தந்திரம் தெரிந்தால் அழுகை உடனே நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். தோளில் போட்டுக்கொண்டு நடக்கத்தான் வேண்டும்.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அநியாயம். நல்ல மனிதர். ஞாயிறு காலை மழை விட்டதும் இருவரையும் கூட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போய் வர்க்கி வாங்கிக் கொடுத்தார். சின்னவளைத் தோளில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்து இதே முகநூலில் போட்டார். "சூப்பர் தாத்தா", "கொடுத்து வைத்த பேரப்பிள்ளைகள்" என்று வாழ்த்துகள் குவிந்தன. அந்தப் படத்தில் இருக்கும் வாரிய தலை, துடைத்த மூக்கு, காய்ந்த சட்டை எல்லாம் யார் கைவேலை என்பது படத்தில் விழாது. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டில் இருப்பவர்களைக் கூலியின்றிக் கவனிக்கும் வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. எங்கள் வீட்டு 76 நிமிடத்தில் போட்டோ எடுத்ததும் அடக்கம்.

அங்கன்வாடிப் பணியாளர் செய்வது முழு வேலை இல்லை, ஏதோ பகுதிநேரத் தொண்டு என்று எங்களிடமும் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1975-இல் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோதிருந்தே எங்களுக்குக் கொடுப்பது சம்பளம் இல்லை, மதிப்பூதியம் என்பார்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அந்தப் பகுதிநேர வாதத்தை ஏற்க முடியாது, இவர்களுக்கும் பணிக்கொடை (கிராஜுட்டி) உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அன்று சக பணியாளர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து பேசிக்கொண்டோம். காசு எப்போது வரும் என்பதைவிட, செய்தது வேலைதான் என்று யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டாரே என்பதுதான் அன்றைய பேச்சு.

மகளிடம் நான் பணிக்கொடை கேட்கவில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்குக் கூலி வாங்குகிற பாட்டி என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்த இரண்டும் என் மடியில் ஏறினால் எனக்கும் உள்ளம் குளிர்கிறது. அதற்குச் சாட்சி வேண்டாம். நான் சொல்வது, பாசத்தைக் காட்டி வேலையை மறைக்காதீர்கள் என்பது. பக்கத்து வீட்டில் ஒரு மணி நேரம் பிள்ளையை விட வேண்டுமென்றால், "உங்களுக்கு முடியுமா அக்கா?" என்று கேட்கிறோம். பெற்ற தாயிடம் இரண்டு நாள் விடுவதற்கு "விட்டுவிடுகிறோம்" போதும் என்று எப்படித் தோன்றுகிறது? பாட்டிக்கு வேறு ஜோலி இருக்கும் என்ற நினைப்பே வராதா? எனக்கு முழங்காலுக்கு மருத்துவரைப் பார்க்கிற நாள் இருக்கும், சங்கக் கூட்டம் இருக்கும், ஒன்றும் இல்லாமல் காலை நீட்டி உட்கார வேண்டும் என்ற ஆசையும் இருக்கும். அதுவும் ஜோலிதான்.

ஞாயிறு மாலை பிள்ளைகளை அழைத்துப் போக வந்தவளிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டேன். மருந்து, ஒவ்வாமை, காய்ச்சல் வந்தால் என்ன கொடுப்பது: இதில் உன் சொல்தான், தெளிவாக எழுதி அனுப்பு. குளியல், சாப்பாடு, டிவி: இங்கே இருக்கும் வரை என் முறை. ஒரு வாரம் முன்னதாகக் கேள். கேட்ட பிறகு நான் வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ளாதே. முதலில் முகம் சுருங்கியது. "நீங்கள் ஆசையாகச் செய்கிறீர்கள் என்று நினைத்தேன் அம்மா" என்றாள். ஆசையாகத்தான் செய்தேன், முதுகும் வலிக்கிறது என்றேன். சிரித்துவிட்டாள். தைலத்தை எடுத்து அவளே தேய்த்தும் விட்டாள்.

நேற்று போன் வந்தது. அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை முடியுமா அம்மா என்று கேட்டாள். அன்றைக்கு உதகையில் ஓய்வுபெற்றவர்கள் கூட்டம், முடியாது என்றேன். சரி, அவரை லீவு போடச் சொல்கிறேன் என்றாள். மாப்பிள்ளைக்கு அந்தப் பட்டியலை அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இரண்டு வேளைக் குளியல் உட்பட.