மெல்ல வாசித்தால் லாபி மியூசிக்கா?

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், முழுக்கதையும் சொல்லப்போவதில்லை. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஹாங்க் மோப்ளியின் 'சோல் ஸ்டேஷன்' ஆல்பத்தைப் போட்டேன். முதல் பாட்டு 'ரிமெம்பர்' பாதி ஓடுவதற்குள் "ஹோட்டல் லாபியில போடுவாங்களே, அது மாதிரி இருக்கு" என்று நண்பர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ரெக்கார்டையும் மாற்றிவிட்டார்கள். நானும் கூடவே சிரித்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஐயா, மெல்ல வாசிப்பது வேறு, சொல்ல ஒன்றுமில்லாமல் வாசிப்பது வேறு. 1960 பிப்ரவரி 7 அன்று ஒரே நாளில் பதிவான ஆல்பம் இது. பியானோ விண்டன் கெல்லி, பாஸ் பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஆர்ட் ப்ளேக்கி. ப்ளேக்கி எப்பேர்ப்பட்ட ஆள்! கூட வாசிப்பவரை இடித்தே முன்னால் தள்ளுகிறவர். அவர் பின்னால் உட்கார்ந்து அடிக்கும்போதும் மோப்ளி குரலை உயர்த்தவில்லை. நீங்கள் கேட்கவே விடாத இரண்டாவது பாட்டு, 'திஸ் ஐ டிக் ஆஃப் யூ', அதில் கெல்லி சோலோ முடித்ததும் மோப்ளி நுழைகிற இடத்தைக் கேளுங்கள். அவசரமே இல்லை, ஒவ்வொரு வரியும் முந்தின வரியின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். மெல்ல வாசிப்பது பலவீனம் இல்லை.

"கோல்ட்ரேன் கேட்டதில்லையா?" என்பீர்கள். கேட்டிருக்கிறேன் சாமி, அவரும் சாக்ஸபோன்காரர்தான், புயல் மாதிரி வாசிப்பவர். அவருடைய 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' ஆல்பம் வந்ததும் அதே 1960தான், வாய் பிளந்துதான் கேட்டேன். அதற்காக, மலையேறுகிறவனைப் பார்த்துவிட்டு வந்து தெருவில் நடக்கிறவனுக்குக் காலே இல்லை என்பதா? மோப்ளி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றால், சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம்?

ஜாஸ் விமர்சகர் லெனார்ட் ஃபெதர் மோப்ளியை டெனர் சாக்ஸபோனின் மிடில்வெயிட் சாம்பியன் என்று, குத்துச்சண்டையின் நடு எடைப் பிரிவை வைத்து எழுதினார். அவர் சொன்னது தொனியின் கனத்தை. ஜனங்கள் சாம்பியனை விட்டுவிட்டு மிடிலை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். மனிதர் நுரையீரல் கெட்டு, வாசிப்பதையே ஏறக்குறைய விட்டு, 1986ல் 55 வயதில் போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் ஆபீஸ் மீட்டிங்கில் நான் சொன்ன யோசனையையே பத்து நிமிஷம் கழித்து இன்னொருவர் மேஜையைத் தட்டிச் சொன்னார். அவருக்குக் கைதட்டல். நான் சொன்னபோது ஏசி சத்தம்தான் கேட்டதாம். அன்று ரயிலில் வீடு வரும்வரை காதில் மோப்ளிதான். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை.

லாபி நண்பரே, என் ரெக்கார்டு இரண்டு உங்கள் வீட்டில் இருக்கிறது. வருகிற ஞாயிறு கொண்டுவந்துவிடுங்கள்.